திரும்பும் பேருந்திலிருந்து தொடங்குங்கள்: ஈரநிலக் காப்பகத்தை ஒட்டிய ஒருநாள் நடைக்கான கணக்கு

கேள்வி இது: சொந்த வண்டி இல்லை, பேருந்தும் ரயிலும்தான் துணை. பாதுகாக்கப்பட்ட ஈரநிலக் காப்பகம் ஒன்றின் ஓரமாக ஒருநாள் முழுக்க நடக்க வேண்டும். எப்படித் திட்டமிடுவது, எங்கே தவறும்?

முதலில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாரும் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்பதில் ஆரம்பிக்கிறார்கள். ஈரநிலத்தில் அது தலைகீழ். மாலையில் திரும்பும் வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வர வேண்டும். அங்கே உங்கள் நாளை ஆளும் அட்டவணைகள் இரண்டு. ஒன்று பேருந்துக்காரர்கள் போட்டது, இன்னொன்று நிலா போட்டது. இரண்டில் எதுவும் உங்களுக்காகக் காத்திருக்காது. இரண்டும் ஒத்துப்போகும் நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் திட்டத்தின் பாதி வேலை.

வண்டி இல்லாதது ஒரு வசதி

காரில் வருபவர் எங்கே நிறுத்தினாரோ அங்கேயே திரும்பியாக வேண்டும். போன கரையிலேயே திரும்பி வருவார், அல்லது சுற்றுப்பாதை இருக்கிறதா என்று தேடுவார். ஈரநிலத்தில் சுற்றுப்பாதை அவ்வளவு எளிதில் அமையாது. குறுக்கே ஓடை இருக்கும், மதகு பூட்டியிருக்கும். பேருந்தில் வருபவருக்கு இந்தக் கட்டு இல்லை. ஒரு நிறுத்தத்தில் இறங்கி, வேறொரு தடத்தின் நிறுத்தத்தில் ஏறலாம். அதனால் ஒரே திசையில் நடக்கும் நேர்கோட்டு நடையே உங்களுக்கு ஏற்றது.

எந்த முனையில் தொடங்குவது? காட்சி அழகையோ வெயில் விழும் திசையையோ வைத்து முடிவுசெய்யாதீர்கள். வண்டி அரிதாக வரும் முனையில் காலையில் இறங்குங்கள். அடிக்கடி வண்டி வரும் முனையில் மாலையில் முடியுங்கள். காலையில் வண்டி தவறினால் ஒரு மணி நேரம்தான் போகும். மாலையில் அரிதான தடத்தின் கடைசி வண்டி தவறினால் இருட்டில் நெடுஞ்சாலை ஓரம் நிற்க வேண்டியிருக்கும். இரண்டு முனையும் ஒரே மாதிரி என்றால் மட்டும் வெளிச்சத்தைப் பாருங்கள். வெயில் முதுகில் விழ, நீர்ப்பரப்பு எதிரே இருந்தால் பறவையின் நிறம் தெரியும். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு உருவங்கள்தான்.

அட்டவணையில் பார்க்க வேண்டியவை. வாரநாள், சனி, ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவற்றுக்கு வெவ்வேறு நேரங்கள் இருக்கும். பள்ளி நாளில் மட்டும் ஓடும் வண்டிகள் உண்டு. கிராமப்புறத் தடங்களில் மதியம் மூன்றரைக்கு ஒரு வண்டி இருப்பதுபோல் தெரிந்தால் அது பெரும்பாலும் மாணவர்களுக்கானது, விடுமுறையில் வராது. காப்பக வாசல்வரை போகும் நீட்டிப்பு வார இறுதியில் மட்டும் இருக்கலாம். மற்ற நாட்களில் அதே எண் வண்டி முந்தைய நிறுத்தத்திலேயே திரும்பிவிடும். தடம் வட்டமாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஒரே திசையில் சுற்றும் தடத்தில், திரும்புவதற்குச் சாலையின் எதிர்ப்பக்கம் நின்றால் எந்த வண்டியும் வராது. இறங்கிய பக்கத்திலேயே ஏற வேண்டும். இருபதே நிமிட தூரத்துக்கு முக்கால் மணி சுற்றவும் நேரலாம்.

கைபேசி வரைபடம் காட்டும் நேரம் பல இடங்களில் அட்டவணை நேரம் மட்டுமே, வண்டி இப்போது எங்கே வருகிறது என்பதல்ல. அரை மணிக்கு மேல் இடைவெளி உள்ள தடத்தை ரயில்போல் நினைத்துக்கொள்ளுங்கள்: பத்து நிமிடம் முன்னதாக நிறுத்தத்தில் இருக்க வேண்டும், கை காட்டி நிறுத்த வேண்டும். ஆளில்லா நிறுத்தத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து எந்த ஓட்டுநரும் வேகம் குறைக்க மாட்டார்.

உங்கள் வண்டி கடைசி வண்டி அல்ல, அதற்கு முந்தையது. கடைசி வண்டி என்பது அந்த முந்தையது தவறினால் இருக்கும் காப்பு. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே நடக்கக்கூடிய சங்கடங்களில் பெரும்பகுதி ஒழியும்.

நேரக் கணக்கு

மலை நடைக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழங்குகிறது: சமதளத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஈரநிலத்தில் ஏற்றமே இல்லையே, 5 கிலோமீட்டர் வேகத்தில் போய்விடலாம் என்று நினைப்பவர்கள்தான் வண்டியைத் தவறவிடுகிறார்கள். இங்கே வேகத்தைத் தின்பது ஏற்றம் அல்ல, தரையும் கண்ணும்.

இறுகிய மண்கரையில் மணிக்கு 4 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம். பலகைப் பாதையில் 2 முதல் 3. அகலம் குறைவு, எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும், ஈரமான பலகை வழுக்கும். ஊறிய புல்லிலும் சேற்றுத்தடத்திலும் 2. இருநோக்கி கழுத்தில் தொங்கினால் இந்த எல்லாக் கணக்கிலும் மேலும் குறையும். பறவை பார்க்கும் குடிலுக்குள் போனால் நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். உள்ளே போனதும் பறவைகள் அடங்கிப் பழைய நிலைக்கு வரவே பத்து நிமிடம் ஆகும்.

ஒரு மாதிரி: மொத்தம் 9 கிலோமீட்டர். கரை 6 கிலோமீட்டர், ஒன்றரை மணி. பலகைப் பாதை 1 கிலோமீட்டர், அரை மணி. ஈரத்தடம் 2 கிலோமீட்டர், ஒரு மணி. இரண்டு குடில்கள், ஒரு மணி இருபது நிமிடம். சாப்பாடு அரை மணி. கூட்டினால் 4 மணி 50 நிமிடம். அதில் கால் பங்கு சேருங்கள்: ஏறக்குறைய 6 மணி. உங்கள் வண்டி மாலை 5:10-க்கு என்றால், பத்து நிமிடம் முன்னதாக நிறுத்தத்தில் நிற்க, காலை 11 மணிக்கு நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கும் முனைக்கு வண்டி 11:40-க்குத்தான் என்றால் நடையைக் குறைக்க வேண்டும். வேகமாக நடந்து சரிக்கட்டலாம் என்பது ஈரநிலத்தில் நடக்காத காரியம்.

குறைப்பதற்கும் வழி முன்பே தெரிந்திருக்க வேண்டும். காட்டிலோ மலையிலோ களைத்தால் குறுக்கு வழியில் இறங்கலாம். இங்கே கரைக்கும் சாலைக்கும் நடுவில் 200 மீட்டர்தான் இருக்கும், ஆனால் நடுவே இடுப்பளவு ஓடை கிடக்கும். வெளியேற முடிந்த இடங்கள் மதகுகளும் பாலங்களும் மட்டுமே. வீட்டிலேயே வரைபடத்தில் அவற்றைக் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் பக்கத்துப் பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மதகுகளுக்கு இடையே 4 கிலோமீட்டர் இருந்தால், முதல் மதகைத் தாண்டும் இடத்தில்தான் மேலே போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். தாண்டிய பிறகு எடுக்க முடியாது.

வரைபடத்தை முழுதாக நம்பவும் கூடாது. செயற்கைக்கோள் படம் வறண்ட பருவத்தில் எடுத்ததாக இருந்தால் குளத்தின் நடுவில் நல்ல பாதை தெரியும். பழைய கடற்கரை அணையை வேண்டுமென்றே உடைத்து உவர்சதுப்பை மீட்பதும் இப்போது பல இடங்களில் நடக்கிறது. இங்கிலாந்தின் தென்கரையில் மெட்மெரி என்ற இடத்தில் 2013-இல் அப்படி உடைத்தார்கள். அதற்கு முந்தைய வரைபடம் வைத்திருப்பவர் நேராக நடந்து நீர்முனையில் நிற்பார். கரைப்பாதை தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதற்குக் காப்பகத்தின் தற்போதைய அறிவிப்பு மட்டுமே சான்று.

எல்லையும் அனுமதியும்

1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, ஈரநிலம் என்பது இயற்கையோ செயற்கையோ, நிரந்தரமோ தற்காலிகமோ, நன்னீரோ உவரோ, எதுவாகவும் இருக்கலாம். கடல்நீர் என்றால் வற்றத்தின்போது (கடல் இறங்கியிருக்கும் நேரத்தில்) ஆறு மீட்டருக்கு மிகாத ஆழம் வரை அதில் சேரும். எனவே உப்பளம், மீன்பண்ணை, நெல்வயல், நீர்த்தேக்கம் எல்லாமே ராம்சர் பட்டியலில் வர முடியும். அந்தப் பட்டியலில் ஓர் இடம் இருப்பதால் மட்டும் அங்கே மனிதர் கால் வைக்கக் கூடாது என்று ஆகிவிடாது. உள்ளே போகலாமா, எந்த மாதத்தில், எத்தனை பேர் என்பதையெல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டமும் காப்பக நிர்வாகமும்தான் தீர்மானிக்கின்றன. ஹாங்காங்கின் மாய் போ காப்பகத்துக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் போக முடியாது. அதே நேரம் அதைச் சுற்றியுள்ள மீன்குளங்களை ஒட்டிப் பொதுப்பாதைகள் உண்டு.

இந்த அமைப்பு பல காப்பகங்களுக்குப் பொருந்தும்: மையப்பகுதி மூடியிருக்கும், சுற்றுப்பகுதி திறந்திருக்கும். உள்ளே விடவில்லையே என்று வருத்தப்படத் தேவையில்லை. வேலி எங்கே போட்டிருக்கிறார்கள் என்பது பறவைக்குத் தெரியாது. கடல் ஏறும்போது சேற்றுப்படுகையில் மேய்ந்தவை வெளிக்குளங்களுக்கு வந்து அடைவது சாதாரணம். வெளிக்கரையில் நடப்பவருக்குச் சில நாட்களில் உள்ளே போனவரைவிட நல்ல காட்சி கிடைக்கும்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: வாசல் எத்தனை மணிக்கு மூடும்? பாதை காப்பகத்தின் ஒரு மூலையை ஊடுருவிப் போனால், கடைசி வண்டிக்கு முன்பே அந்தக் கதவு பூட்டப்படலாம். அப்போது உங்கள் உண்மையான கடைசி நேரம் வண்டி நேரம் அல்ல, பூட்டு நேரம்.

நிலா போட்ட அட்டவணை

கடலோர ஈரநிலம் என்றால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்ற நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் 350 நிமிடம், அதாவது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் குறைவு. இதிலிருந்து கையில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு வருகிறது: இந்தச் சனிக்கிழமை நண்பகலில் கடல் நிறைந்திருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் வற்றிக்கிடக்கும்; அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடி நிறைந்திருக்கும். வார இறுதியில் மட்டுமே போக முடிந்தவர்கள் ஒன்றுவிட்ட வாரம்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும். அரைநிலா நாட்களை ஒட்டி இரண்டுக்கும் வித்தியாசம் சுருங்கும். மற்ற நாட்களில் காய்ந்து கிடக்கும் தாழ்ந்த பாதை, அமாவாசை ஏற்றத்தில் முழங்கால் நீரில் மூழ்குவது இதனால்தான். போன மாதம் நடந்தவர் பாதை நன்றாக இருந்தது என்று சொன்னால், அது எந்தப் பிறையில் என்று கேளுங்கள்.

நீர் சீராக ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, பிறகு இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்று வரும். ஏற்ற இறக்க வித்தியாசம் 3 மீட்டர் என்றால் முதல் மணியில் 25 சென்டிமீட்டர்தான் ஏறும். மூன்றாவது, நான்காவது மணிகளில் தலா 75 சென்டிமீட்டர். "ஒரு மணி நேரமாகப் பார்க்கிறேன், கொஞ்சம்தானே ஏறியிருக்கிறது" என்று அசட்டையாக இருப்பவரை மூன்றாவது மணி பிடித்துக்கொள்ளும். தாய்லாந்து வளைகுடா, மெக்சிகோ வளைகுடா போன்ற கடல்களில் பல இடங்களில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான். அங்கே இந்தப் பன்னிரண்டு பங்குக் கணக்கை வைத்துப் பார்க்கக் கூடாது, அந்த ஊர் ஓத அட்டவணையை (கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலை) மட்டும் பாருங்கள்.

அட்டவணையிலும் பொறிகள் உண்டு. அது ஏதோ ஒரு துறைமுகத்துக்கானது. கழியின் உட்பகுதிக்கு ஏற்றம் தாமதமாக வந்து சேரும், சில இடங்களில் ஒரு மணிக்கு மேலும் ஆகும். கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அட்டவணை பழைய நேரத்திலேயே அச்சாகியிருக்கலாம். அதில் உள்ள உயரம் கடல்வரைபட அடிமட்டத்திலிருந்து, அதாவது மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டி வைத்த சுழிக்கோட்டிலிருந்து, அளந்தது. பாதையில் உங்கள் காலடியில் எவ்வளவு நீர் என்பதை அது சொல்லாது. வானிலையும் கூட்டும்: காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும், கரை நோக்கி வீசும் பலத்த காற்று அதற்கு மேலும் தள்ளும். புயல் சின்னம் இருக்கும் நாளில் அட்டவணையைவிட நீர் அதிகம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எந்த நேரம் நல்லது? எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கரையோரப் பறவைகளுக்கு ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம். கடல் ஏற ஏற உள்ளான்களும் கோட்டான்களும் (ஆந்தை அல்ல, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை) மூக்கன்களும் சேற்றிலிருந்து துரத்தப்பட்டுக் கரைக்கு அருகே திரளும். வற்றத்தில் அதே பறவைகள் ஒரு கிலோமீட்டர் தள்ளி, வெயிலில் நடுங்கும் காற்றில், புள்ளிகளாகத் தெரியும். அலையாத்திக் காட்டுப் பலகைப் பாதைக்கு வற்றம்தான் சரி: நண்டுகள், சேற்றில் தாவும் மீன்கள், மூச்சுவேர்கள் எல்லாம் அப்போதுதான் வெளியே இருக்கும். பாதையில் இரண்டும் இருந்தால், கரைப்பகுதியை ஏற்றத்திலும் அலையாத்திப் பகுதியை அது வற்றும்போதும் நடக்கும்படி ஏற்ற நேரத்தைக் காலை பத்து, பதினொன்றுக்குப் பிடியுங்கள். வண்டி நேரத்தோடு அது பொருந்தாவிட்டால் நாளை மாற்றுங்கள், வரிசையை அல்ல.

சேறு

சேற்றுப்படுகையில் இறங்காதீர்கள். காப்பகப் பலகை தடுப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கடல் ஏறும்போது நீர் உங்களுக்கு எதிரேயிருந்து அலையாக வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். அது முதலில் ஓடைகளை நிரப்பும். ஓடைகள் உங்களுக்கு முதுகுப்புறம், கரைக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும். நிற்கும் மேடு காய்ந்தே இருக்கும்போது திரும்பும் வழி மூழ்கிவிடும். 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் இரவில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தவர்களில் குறைந்தது 21 பேர் இப்படி ஏறிய கடலில் மாண்டார்கள். டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து கரைகளை ஒட்டிய வாடன் கடலில் சேற்றில் நடப்பது ஒரு மரபாகவே இருக்கிறது. அங்கும் ஓத நேரம் தெரிந்த வழிகாட்டியோடுதான் போகிறார்கள்.

கால் புதைவதன் காரணம் தெரிந்தால் தப்பிக்கும் முறையும் புரியும். நுண்வண்டல் அசையாமல் இருக்கும்போது இறுகியும், கலக்கினால் கூழாகவும் மாறும் தன்மையுள்ளது. மிதித்ததும் இளகிக் காலை உள்ளே விடும். பிறகு காலைச் சுற்றி மீண்டும் இறுகும். மேலே இழுத்தால் பாதத்தின் அடியில் வெற்றிடம் உண்டாகி அது கீழே இழுக்கும். அதனால்தான் பலம் போட்டு இழுப்பது பலிக்காது, இழுப்பவரும் புதைவார். பையைக் கழற்றி முன்னால் போடுங்கள். உட்காரும் நிலையில் பின்னால் சாய்ந்து எடையைப் பரப்புங்கள். காலைச் சிறிது சிறிதாக ஆட்டி, அதைச் சுற்றி நீர் இறங்க வழி செய்து, ஒவ்வொரு காலாக மெல்ல வெளியே எடுங்கள். செருப்பு போனால் போகட்டும். பிறகு எழுந்து நிற்காமல், வந்த தடத்திலேயே தவழ்ந்து திரும்புங்கள். முட்டிக்கு மேல் புதைந்துவிட்டால் தாமதிக்காமல் அவசர எண்ணை அழையுங்கள். பல நாடுகளில் கைபேசியிலிருந்து 112 வேலை செய்யும். நீங்கள் இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவை, அதாவது கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கரையோரத்தில் அடையாளம் சொல்ல எதுவும் இருக்காது.

உள்நாட்டு நன்னீர் ஈரநிலத்தில் ஓதம் இல்லை. அங்கே பருவமும் மேல்மழையும்தான் கணக்கு. நடக்கும் நாளில் வானம் தெளிவாக இருக்கலாம், ஆனால் மூன்று நாளுக்கு முன் ஆற்றின் மேல்பகுதியில் பெய்த மழை இன்றுதான் பாதைக்கு வந்து சேரும். ஆற்று நீர்மட்டத்தை வெளியிடும் இடங்களில் மேல்பக்க அளவுமானியைப் பாருங்கள். நாணலும் கோரையும் தலைக்கு மேல் வளர்ந்த இடத்தில் திசை தெரியாது. பச்சையாக, பஞ்சுபோல் தெரியும் பாசித்தரை உறுதியான தரை அல்ல.

பறவையின் கணக்கு

எழுந்து பறக்கும் ஒவ்வொரு கூட்டமும் ஒரு செலவு. 2022-இல் பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து ஐந்தே மாதமான குஞ்சு, அலாஸ்காவிலிருந்து டாஸ்மானியா வரை 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்தது. அப்படிப் பறக்கும் இனம் கிளம்புமுன் கொழுப்பை ஏற்றிக்கொண்டு தன் செரிமான உறுப்புகளையே சுருக்கிக்கொள்கிறது. வழியில் இறங்கும் இனங்களுக்கு ஈரநிலம்தான் அந்தக் கொழுப்பைச் சேர்க்கும் இடம். ஏற்றத்தின்போது மேய இடமில்லாமல் ஒற்றைக்காலில் நின்று ஓய்வெடுக்கும் கூட்டத்தை மூன்று முறை கிளப்பினால், வற்றத்தில் தின்றதில் ஒரு பகுதி வீணாகும்.

எவ்வளவு தூரம் பாதுகாப்பானது என்பதற்கு ஒரே எண் கிடையாது. இனத்துக்கு இனம், வேட்டை நடக்கும் இடத்துக்கும் நடக்காத இடத்துக்கும் மாறும். பறவையையே பாருங்கள். தூங்கியவை தலை தூக்கினால், மேய்ந்தவை மேய்ச்சலை நிறுத்தினால், எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். நின்று, இரண்டடி பின்வாங்கினாலே அடங்கும். கரையின் உச்சியில் நடப்பவர் வானத்தை எதிர்த்த நிழலுருவமாகத் தூரத்திலிருந்தே தெரிவார். நிலப்பக்கச் சரிவில் பாதை இருந்தால் அதில் நடந்து, பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் மெதுவாக மேலே வாருங்கள். கூட்டமாகப் போனால் நெருங்கி நடங்கள். நீளமாகச் சிதறிய வரிசை பறவையை அதிக நேரம் பதற வைக்கும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது, ஆளில்லா விமானம் பறக்கவிடுவது இரண்டும் வேண்டாம். பல காப்பகங்களில் சட்டப்படியே குற்றம்.

காலும் பையும்

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஈரநிலத்துக்கு ஏற்றது என்று தோன்றும். 30 சென்டிமீட்டர் நீர் வரை உண்மை. ஒருமுறை மேல்விளிம்பைத் தாண்டி நீர் புகுந்தால் வாளியைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் ஆகிவிடும். 9 கிலோமீட்டர் கரையில் குதிகாலும் தேய்ந்துபோகும். பொதுப்பாதையில் நடப்பவருக்கு, நீர் வடிந்து சீக்கிரம் காயும் துணிக்காலணியும் இரண்டு ஜோடி மாற்றுக் காலுறையும் போதும். முழு நீர்க்காப்புக் காலணி உள்ளே நனைந்தால் அன்று காயவே காயாது.

காரில் வருபவருக்கு வண்டியே அலமாரி. உங்களுக்கு எல்லாம் முதுகில்தான். அதனால் 20 முதல் 25 லிட்டர் பை ஒன்று. கூட்ட நெரிசலில் மடியில் வைத்துக்கொள்ள முடிய வேண்டும். உள்ளே: வெப்ப நாளில் மணிக்கு அரை லிட்டர் கணக்கில் குடிநீர் (சுற்றிலும் நீர் இருந்தும் ஒரு வாய் குடிக்க முடியாது, உவர்நீரைச் சாதாரண வடிகட்டி எதுவும் இனிக்கச் செய்யாது), அகல விளிம்புத் தொப்பி, காற்றுத்தடுப்பு மேலாடை, 8×42 இருநோக்கி, தலைவிளக்கு, மின்கலம், நீர்புகாத உறையில் அச்சடித்த வண்டி நேரமும் ஓத நேரமும். நடைகோல் கொண்டுபோனால் முனைக்கு ரப்பர் மூடி போடுங்கள். பேருந்தில் பக்கத்தில் இருப்பவரின் காலுக்காகவும், பலகைப் பாதையின் சத்தத்துக்காகவும். கழிவறை பெரும்பாலும் காப்பக மையத்தில் மட்டும்தான். அது பாதையின் எந்த முனையில் என்பதைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

கொசுவுக்கு, டீட் (DEET) என்ற பூச்சிவிரட்டி மருந்து 20 முதல் 30 சதவீதம் உள்ள களிம்பு போதும். வெயில்காப்புக் களிம்பை முதலில் பூசி, அது ஊறிய பிறகு இதைப் பூசுங்கள். டீட் பிளாஸ்டிக்கை அரிக்கும். பூசிய கையால் இருநோக்கியையோ கண்ணாடியையோ தொடாதீர்கள், உள்ளங்கையைத் துடைத்துவிடுங்கள். கால் கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர்புகாப் பட்டை ஒட்டுங்கள்; எலிக்காய்ச்சல் தேங்கிய நீர் வழியாகவும் வரலாம். இறந்து கிடக்கும் பறவையைத் தொடாமல் இடத்தைக் குறித்துக் காப்பகத்துக்குச் சொல்லுங்கள். வெப்பமண்டல அலையாத்திகளில் உவர்நீர் முதலை இருக்கலாம். சிங்கப்பூரின் சுங்கை பூலோ காப்பகத்தில் நடைபாதையிலிருந்தே அவற்றைப் பார்க்கலாம். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நீர் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளியே இருங்கள். சாப்பிட உட்காரும் இடமாக நீரோரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது இடி. தட்டையான வெளியில், உயர்ந்த கரையின் மேல், கையில் நடைகோலுடன் நிற்பவர்தான் அந்த வட்டாரத்திலேயே உயரமான பொருள். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். முப்பதுக்குள் எண்ணினால் நடையை முறித்துக் கட்டடத்துக்கோ வண்டிக்கோ போக வேண்டும். பறவை பார்க்கும் மரக்குடிலும் கூரை மட்டும் உள்ள பேருந்து நிறுத்தமும் மின்னலைத் தடுக்காது. ஆட்கள் இந்த இரண்டுக்குள்தான் ஓடுகிறார்கள். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்தே வெளியே வரலாம். மாலையில் இடி வழக்கமாக வரும் பருவத்தில் நண்பகலுக்குள் நடையை முடிக்கும் வண்டிகளைத் தேடுங்கள்.

முந்தைய வண்டியும் போய், கடைசி வண்டியும் வராமல் போனால்? இருட்டும்வரை நிறுத்தத்திலேயே நிற்காதீர்கள். அட்டவணை நேரம் கழிந்து இருபது நிமிடத்தில், முன்பே எழுதிவைத்த வாடகை வண்டி எண்ணை அழையுங்கள். காப்பக வாசலில் சமிக்ஞை கிடைக்காமல் பிரதான சாலை வந்தால்தான் கிடைப்பதும் உண்டு, அந்தத் தூரத்தையும் கணக்கில் வையுங்கள். சாலையோரம் நடக்க நேர்ந்தால் எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடந்து, தலைவிளக்கை எரியவிடுங்கள்.

நிறுத்தத்தில் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. பழைய பல்துலக்கியால் காலணியின் அடிப்பள்ளங்களிலுள்ள சேற்றைச் சுரண்டி, வந்த இடத்திலேயே விடுங்கள், காலுறையை மாற்றுங்கள். பேருந்தின் தரை சுத்தமாக இருக்கும் என்பது ஒரு பக்கம். அந்தச் சேற்றில் அயல்தாவர விதையும், பாசித் துணுக்கும், தவளைகளைக் கொல்லும் பூஞ்சையும் ஒட்டியிருக்கலாம். அடுத்த வாரம் வேறொரு ஈரநிலத்தில் அவை இறங்கிவிடும். வீட்டில் கழுவி முழுவதும் காய்ந்த பிறகும், மேலும் இரண்டு நாளாவது உலரவிட்டுத்தான் அந்தக் காலணியை அடுத்த நீருக்குக் கொண்டுபோக வேண்டும்.